நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் தினமும் கேட்கும் வாக்கியம் இது: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு சார், இன்னைக்குத் திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு." பல கடைக்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. "ஃபார்மேட் பண்ணிடலாம், நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்று இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஃபார்மேட் செய்தால் சில சமயம் சரியாகும். சில சமயம் இரண்டே வாரத்தில் பழைய கதை திரும்பும். ஏன் ஸ்லோ ஆனது என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் வாடிக்கையாளர் சொன்னதிலேயே நல்ல தடயம் இருக்கிறது. பிராசசர் வயதாகித் தளர்ந்துபோகும் பொருள் அல்ல. அதன் துடிப்பை நிர்ணயிப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். வாங்கிய அன்று நொடிக்கு 300 கோடி முறை துடிக்க முடிந்த சில்லு, பத்தாவது ஆண்டிலும் 300 கோடி முறை துடிக்கக்கூடியதுதான். ராம் நினைவகமும் அப்படியே. பாகங்களின் வேகம் மாறாமல் இருக்க, வேலை முடிவது மட்டும் தாமதமாகிறது என்றால், இடையில் ஏதோ ஒரு பாகம் இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறது அல்லது வேண்டுமென்றே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. காத்திருப்புக்கு ஒரு குணம் உண்டு. ஓர் எல்லைவரை கண்ணில் படாது. எல்லையைத் தாண்டியதும் மளமளவென்று பெருகும். மாதக்கணக்கில் சேர்ந்த சுமை ஒரே நாளில் வெளிப்படுவது இதனால்தான். ஆகவே விசாரணைக்குக் கேள்விகள் இரண்டு: எது எதற்காகக் காத்திருக்கிறது? எந்த எல்லை தாண்டப்பட்டது?

பொங்கலுக்குக் கேட்ட கோப்பு

பிராசசர் ஒரு தகவலைத் தேடிப் போகும் இடங்கள் நான்கு. மிக அருகில், சில்லுக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம். அங்கிருந்து எடுக்க ஏறத்தாழ 1 நானோநொடி, அதாவது நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு. அடுத்தது ராம், ஏறத்தாழ 100 நானோநொடி. அதற்கப்பால் எஸ்.எஸ்.டி.; 100 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் சுழலும் ஹார்ட் டிஸ்க். 10 மில்லிநொடிக்குக் குறையாது.

நானோ, மைக்ரோ, மில்லி எல்லாமே நமக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் என்பதால் இவற்றுக்கிடையே உள்ள தூரம் உறைப்பதில்லை. பிராசசரை ஓர் அலுவலகக் குமாஸ்தாவாகவும், ஒரு நானோநொடியை ஒரு முழு நொடியாகவும் நினைத்துப் பாருங்கள். மேசைமேல் இருக்கும் காகிதம் ஒரு நொடியில் கைக்கு வருகிறது. அறையின் மூலையில் உள்ள பீரோவுக்குப் போய் வர ஒரு நிமிடம் நாற்பது நொடி, அது ராம். எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் கோப்பு வர 28 மணி நேரம். ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் 116 நாள். தைப் பொங்கலன்று கேட்ட கோப்பு, சித்திரை முடியும் தறுவாயில் வந்து சேரும்.

இந்த இடைவெளிக்குக் காரணம் இயக்கம். மற்ற மூன்றிலும் நகர்வது மின்சாரம். ஹார்ட் டிஸ்க்கில் உலோகக் கை ஒன்று நகர வேண்டும், தட்டு சுழன்று அந்த இடம் ஊசிமுனைக்குக் கீழே வர வேண்டும். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்த அதில் ஒரு தகவலை எட்டச் சராசரியாக 600 மில்லிநொடி ஆயிற்று. இன்றைய வட்டுக்கு 10 மில்லிநொடி. அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் முன்னேற்றம் அறுபது மடங்குதான். அதே காலத்தில் பிராசசர்கள் லட்சக்கணக்கான மடங்கு வேகமெடுத்துவிட்டன. வட்டைத் தேடிப் போகும் ஒவ்வொரு பயணமும் அதனால் முன்பைவிட விலை உயர்ந்ததாகிவிட்டது.

90க்கும் 99க்கும் உள்ள தூரம்

1909இல் அக்னர் எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர் தொலைபேசி அழைப்புகளின் நிகழ்தகவு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில். எத்தனை இணைப்புகள் வைத்தால் மக்கள் காத்திருக்க வேண்டியிராது என்பது நிறுவனத்தின் கவலை. அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு. சீரற்ற இடைவெளிகளில் வேலைகள் வந்து, ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக முடிந்து போகும் வரிசைக்கு அதில் ஓர் எளிய சமன்பாடு உண்டு: வேலைக்கு ஆகும் நேரத்தை, மிச்சமிருக்கும் ஓய்வு நேரத்தின் விகிதத்தால் வகுத்தால், வந்து நின்றதிலிருந்து முடிந்து போகும்வரை ஆகும் சராசரி நேரம் கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்க்கை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலைக்கு 10 மில்லிநொடி. வட்டு பாதி நேரம் ஓய்வாக இருந்தால், 10ஐ 0.5ஆல் வகுக்க 20 மில்லிநொடி. 80 சதவீதம் வேலையில் இருந்தால் 50. 90 சதவீதத்தில் 100. 95இல் 200. 99இல் 1000, அதாவது முழுதாக ஒரு நொடி. பாதிச் சுமையிலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறும்வரை கூடிய தாமதம் 80 மில்லிநொடி. 90க்கும் 99க்கும் இடையில் மட்டும் கூடியது 900.

இதோடு நம் மூளையின் எல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் 1968லேயே, ஒரு விசையை அழுத்தியதற்கான பதில் 0.1 நொடிக்குள் தெரிய வேண்டும் என்று எழுதினார். அதற்குள் வந்தால் உடனடி என்று உணர்கிறோம். தாண்டினால் இயந்திரம் தயங்குவது தெரிகிறது. 20 மில்லிநொடி 80 ஆனபோது நாம் கவனிக்கவே இல்லை. 80 மில்லிநொடி 300 ஆனதும் 'திடீரென்று' ஸ்லோ ஆகிவிட்டது.

தொடும் முன் பார்க்க வேண்டியவை

மெதுவாகிப்போன இயந்திரத்தைக் கண்டதும் கை பரபரக்கும். ஏதாவது கிளீனர் மென்பொருளை இறக்கலாமா, வைரஸ் ஸ்கேன் ஓட்டலாமா, எதையாவது அழிக்கலாமா என்று. எல்லாமே வட்டின்மேல் புதிய சுமை, தடயத்தையும் அழித்துவிடும். முதலில் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து டாப் என்ற கட்டளை. பிராசசர், நினைவகம், வட்டு, நெட்வொர்க் ஆகியவை எத்தனை சதவீதம் வேலையில் இருக்கின்றன என்று டாஸ்க் மேனேஜரில் தெரியும். பெரிய சர்வர்களின் வேகத்தை ஆராயும் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் இதற்கு ஓர் ஒழுங்குமுறை வகுத்தார். ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் மூன்று கேள்வி: எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது? வரிசையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது? பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா? வீட்டுக் கணினிக்கும் இதே கேள்விகள் போதும்.

எண்களைப் படிக்கும்போது மூன்று இடங்களில் ஏமாறலாம். பட்டியலில் 'சிஸ்டம் ஐடில்' என்ற பெயரில் ஒன்று 95 சதவீதம் காட்டினால் அது பிராசசரைத் தின்றுகொண்டிருப்பதாகப் பயந்துவிடுகிறோம். அது உண்மையில் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. இரண்டாவது, சராசரி. எட்டு தருக்க பிராசசர்கள் கொண்ட கணினியில் ஒரு நிரல் சுழலில் மாட்டிக்கொண்டு ஒன்றை முழுக்கப் பிடித்துக்கொண்டால், மொத்தக் கணக்கில் அது 12 அல்லது 13 சதவீதம்தான். குறைவாகத் தெரியும் அந்த எண் நிமிடக்கணக்கில் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, வட்டின் 100 சதவீதம். அது வட்டு இடைவிடாமல் வேலையில் இருந்தது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு தகவல் நகர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. தட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் 4 கே.பி. துண்டுகளை நொடிக்கு நூறு வீதம் பொறுக்கினால் ஹார்ட் டிஸ்க் முழுமூச்சாக உழைத்தும் கிடைப்பது நொடிக்கு 0.4 எம்.பி. ஆகவே வட்டுக்கு அதன் பதில் நேரத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான ஹார்ட் டிஸ்க் பத்து இருபது மில்லிநொடியில் பதில் தரும், எஸ்.எஸ்.டி. ஒரு மில்லிநொடிக்குள். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ காட்டினால் விசாரணை பாதி முடிந்தது.

நான்குமே அமைதியாக இருந்து, பிரவுசர் மட்டும் தவழ்கிறது என்றால் குற்றவாளி கணினிக்கு வெளியே இருக்கலாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, வட்டில் உள்ள ஒரு பெரிய ஆவணத்தைத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் கணினியை விட்டுவிட்டு ரவுட்டரைக் கவனிக்கலாம்.

ஒரு லட்சத்தில் ஒன்று

1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் டாம் கில்பர்னின் குழு ஒரு தந்திரத்தைப் புகுத்தியது. வேகமான மைய நினைவகம் சிறியது, விலையும் அதிகம். அதைவிட ஆறு மடங்கு பெரிய காந்த உருளை ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம் என்று நிரல்களை நம்பவைத்து, பக்கங்கள் எனப்படும் துண்டுகளில் தேவைப்பட்டவற்றை இங்கும் அங்கும் மாற்றும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இருப்பது இந்த ஏற்பாடுதான். ராம் நிறைந்தால் கணினி நின்றுவிடாது. கொஞ்சத்தை வட்டுக்கு மாற்றிவிட்டு ஓடும்.

ஆனால் அதற்கு விலை உண்டு. ராமில் எடுக்க 100 நானோநொடி, ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லிநொடி. வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. ஆகவே ஒரு லட்சம் முறை தேடியதில் ஒரே ஒரு முறை வட்டுக்குப் போக நேர்ந்தாலும் சராசரி நேரம் இரட்டிப்பாகிவிடும். ஆயிரத்தில் ஒரு முறை போக நேர்ந்தால் நூறு மடங்கு தாமதம். இந்தக் கட்டத்தில் பிராசசர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும், வட்டு விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும். ஒரு நிரலின் பக்கங்களைக் கொண்டுவர இன்னொன்றின் பக்கங்களை வெளியே தள்ளி, அடுத்த கணமே தள்ளியதைத் திரும்பக் கொண்டுவரும் இந்தத் தத்தளிப்பைக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் அலசினார். ஒவ்வொரு நிரலுக்கும் எந்த நேரத்திலும் கைவசம் இருந்தே தீர வேண்டிய பக்கங்களின் தொகுப்பு ஒன்று உண்டு; எல்லா நிரல்களின் தொகுப்புகளும் சேர்ந்து ராமுக்குள் அடங்கும்வரை பிரச்சினை இல்லை, அடங்காதபோது வேகம் சரிவதில்லை, அறுந்து விழுகிறது என்பது அவர் காட்டியது.

எனவேதான் 8 ஜி.பி. ராம் உள்ள கணினியில் 7 ஜி.பி. தேவைப்பட்ட நேற்றைக்கும் 9 ஜி.பி. தேவைப்படும் இன்றைக்கும் இவ்வளவு வித்தியாசம். கூடியது பிரவுசரில் நான்கைந்து டேப், ஒரு வீடியோ அழைப்பு, புதிதாக நிறுவிய ஏதோ ஒன்று. டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 90 சதவீதத்துக்கு மேலும், அதே நேரத்தில் வட்டு 100ஐ ஒட்டியும், பிராசசர் தாழ்வாகவும் இருந்தால் நோய் இதுதான். நினைவகத்தால் வரிசைப்படுத்தி மேலே இருப்பதை மூடிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். வேகம் திரும்பினால் ஃபார்மேட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மதர்போர்டில் இடம் இருந்தால் இன்னொரு ராம் போதும். வட்டு எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் வித்தியாசம் லட்சத்திலிருந்து ஆயிரம் மடங்காகக் குறைகிறது. அதனால் அத்தகைய கணினிகளில் இந்தத் தத்தளிப்பு அவ்வளவு கொடூரமாகத் தெரியாது.

ஒரே நிரலின் நினைவகம் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. பயன்படுத்தி முடித்த இடத்தைத் திருப்பித் தராத குறை. இதற்கு மறுதொடக்கம் தற்காலிக மருந்து. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' செய்யும்போது இயங்குதளத்தின் உள்மையம் வட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்வது வழக்கமான அமைப்பு. சீக்கிரம் திறப்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆகவே அணைத்துத் திறந்தால் டிரைவர்களில் உள்ள பழைய சிக்கல் கூடவே எழுந்துவரலாம். முழுதாகப் புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

சூடும் சுதாரிப்பும்

2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இதழ் ஒரு சோதனையைப் படமெடுத்துக் காட்டியது. கணினி ஒரு விளையாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிராசசர்மேல் இருந்த வெப்பத்தகட்டைக் கழற்றிவிட்டார்கள். ஏ.எம்.டி. ஆத்லான் சில்லு புகைந்து கருகியது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. விளையாட்டு தவழத் தொடங்கியது, ஆனால் நிற்கவில்லை. இன்று இந்தத் தற்காப்பு இல்லாத பிராசசரே கிடையாது. பல சில்லுகளுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. நெருங்கினால் துடிப்பைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது.

சில்லு வெளியேற்றும் வெப்பம், சில்லுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 75 டிகிரிவரை போகலாம். சென்னையில் மே மாதப் பிற்பகலில் 40 டிகிரி என்றால் மிஞ்சுவது 60. அதே தகடு, அதே ஃபேன், வெளியேற்றும் திறனில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஏப்ரல்வரை தகட்டின் இடுக்குகளில் தூசு சேர்ந்துகொண்டே இருந்தும் சமாளித்த லேப்டாப், அக்னி நட்சத்திரத்தில் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

அடையாளம் எளிது. திறந்த முதல் சில நிமிடம் நன்றாக ஓடும், பிறகு படுத்துவிடும். ஃபேன் சத்தம் போடும், அல்லது போட வேண்டிய நேரத்தில் போடாது. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசசரின் வேகம் கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். கடும் வேலை நடக்கும்போது அந்த எண் பெட்டியில் அச்சிட்ட அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் சூடுதான். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றை ஊதித் தூசு எடுங்கள். சில ஆண்டுகள் பழைய இயந்திரம் என்றால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது சர்வீஸ்காரர் வேலை.

தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸைவிட்டு ஏறவே மறுக்கிறது என்றால் சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டாப்கள் தங்கள் சார்ஜரை ஒரு தனிக் கம்பி மூலம் அடையாளம் காண்கின்றன. அடையாளம் தெரியாத அல்லது திறன் குறைந்த சார்ஜரைச் செருகினால், பாதுகாப்புக்காகப் பிராசசரை அடிமட்ட வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். கம்பி ஒன்று உள்ளே அறுந்தாலும் இதே கதிதான். சார்ஜரைக் கழற்றியதும் வேகம் ஏறினால் ஐயமே வேண்டாம்.

வட்டு சொல்லாமல் மறைப்பது

கணினி ஸ்லோ ஆகும் காரணங்களில் அவசரமானது இது ஒன்றே, ஏனென்றால் இதில் மட்டும்தான் உங்கள் புகைப்படங்கள் பணயம்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் வட்டு உடனே பிழை என்று சொல்லிவிடுவதில்லை. அடுத்த சுற்றில் அதே இடம் வரும்வரை பொறுத்து மறுபடி முயலும். நூறு முறை முயன்றால் முக்கால் நொடிக்குமேல் போய்விடும். பல நொடிகள் முயலும் வட்டுகளும் உண்டு. கடைசியில் படித்துவிட்டால், எதுவுமே நடக்காததுபோல் தகவலைத் தந்துவிடும். பிராசசருக்கும் நமக்கும் தெரிவது தாமதம் மட்டும்.

இந்த இயந்திரம் எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சான்றாக, 2008இன் இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த அதே பிரெண்டன் கிரெக் ஒரு காணொளி வெளியிட்டார். ஓடிக்கொண்டிருக்கும் வட்டு அடுக்கின் முன் குனிந்து, தொண்டை கிழியக் கத்துகிறார். வரைபடத்தில் அந்தக் கணமே தாமதம் குத்திட்டு எழுகிறது. குரலின் அதிர்வே ஊசிமுனையைத் தடம் தவறச் செய்யப் போதும்.

ஒவ்வொரு வட்டும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் மூன்று வரிகளைப் பாருங்கள். எண் 5: கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றிய செக்டார்கள். எண் 197: படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை. எண் 199: தகவல் வழியிலேயே சிதைந்த தடவைகள். முதல் இரண்டும் ஏறினால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள். கழற்றி மாட்டினாலே தீரலாம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளைக் கண்காணித்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பின்னணிச் சோதனையில் முதல் படிப்புப் பிழை தோன்றிய வட்டு, பிழையே காணாத வட்டைவிட அடுத்த 60 நாளில் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு அதிகம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: செத்த வட்டுகளில் பாதிக்குமேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எனவே குறிப்பு சுத்தமாக இருப்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வட்டின்மேல் சந்தேகம் விழுந்தால் வரிசை முக்கியம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். அதன் பிறகுதான் செக்டிஸ்க் போன்ற முழுப் பரிசோதனை. அது வட்டின் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுப் பார்ப்பதால், ஊசலாடும் வட்டை அதுவே முடித்துவைத்துவிடலாம். ஃபார்மேட் செய்வதும் தேயும் தட்டைக் குணப்படுத்தாது.

சில நேரங்களில் வட்டைக் காப்பாற்றும் ஏற்பாடே வேகத்தைக் கொல்லும். விண்டோஸ் எக்ஸ்பி, ஆறு பரிமாற்றப் பிழைகள் சேர்ந்ததும் வட்டின் இணைப்பை ஒரு படி மெதுவான முறைக்கு இறக்கும். கடைசிப் படியில் பிராசசரே ஒவ்வொரு சொல்லாகத் தகவலைச் சுமக்க வேண்டிவரும். ஆறு பிழைகளும் மாதக்கணக்கில் சிதறி நடந்திருக்கலாம். இயந்திரம் திடீரென்று ஒருநாள் தவழும், எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் மாறாது. எஸ்.எஸ்.டி.க்கு வேறு வகை எல்லைகள். அதன் சில்லுகளில் ஒரு பக்கத்தை எழுதலாம், ஆனால் அழிப்பது பெரிய தொகுதியாகத்தான் முடியும். வட்டு விளிம்புவரை நிறைந்தால், இடம் பண்ணுவதற்கே இருப்பதை எடுத்து வேறிடத்தில் எழுத வேண்டியிருக்கும். 10 முதல் 20 சதவீதம் காலியாக விடுவது நல்ல பழக்கம். 2014இல் சாம்சங் 840 ஈவோ எஸ்.எஸ்.டி.களில், எழுதி நாளான கோப்புகளைப் படிக்கும் வேகம் சரிந்துபோனது. நுண்ணறைகளின் மின்னழுத்தம் மெல்ல நகர்ந்ததே காரணம். நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரிலும் மறு ஆண்டிலுமாக இருமுறை ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

ஓடிக்கொண்டிருப்பது யாருடைய வேலை?

பிராசசர் 100 சதவீதத்தில் இருக்கிறது, சூடு இல்லை, வட்டு சாது என்றால் யாரோ நிஜமாகவே வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் சட்டபூர்வமான ஆள்தான். மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்கச் செவ்வாய்க் காலை நமக்கு இரவு. புதன்கிழமை காலையில் கணினியைத் திறந்ததும் மந்தமாக இருந்தால், பட்டியலில் அப்டேட் வேலையாள் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். வைரஸ் தடுப்பான் கோப்புகளைச் சோதிப்பதும், தேடலுக்கான அட்டவணை தயாராவதும் இப்படித்தான். நிறுத்தினால் அடுத்த முறை மறுபடி தொடங்கும்.

அந்த வேலையாளே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 2013இன் பிற்பகுதியில் உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் திறந்ததுமே 100 சதவீதத்தில் சிக்கிக்கொண்டன. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஒவ்வொரு திருத்தமும் முந்தையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எது எதற்குப் பதில் என்ற சங்கிலியைச் சரிபார்க்கும் நிரலோ, சங்கிலி நீள நீள அடுக்கடுக்காகப் பெருகும் நேரத்தை எடுத்துக்கொள்வதாக அமைந்திருந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் நேரம் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து கண்ணிக்கு ஆயிரம் மடங்கு. ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காத நிரல், ஒரு மாதத்துத் திருத்தத்தோடு எல்லையைத் தாண்டியது. 2014 ஜனவரியில் பழைய திருத்தங்களைப் பட்டியலிலிருந்து நீக்கி மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

திருட்டு வேலையும் நடப்பதுண்டு. 2017 செப்டம்பரில் வந்த காயின்ஹைவ், இணையதளத்துக்கு வருபவரின் பிராசசரைக் கொண்டே மொனேரோ என்ற மெய்நிகர் நாணயத்தைத் தோண்டும் நிரல். அதைப் பலரும் அனுமதி கேட்காமலே தங்கள் பக்கங்களிலும், அடுத்தவர் பக்கங்களில் ஊடுருவியும் பதித்தார்கள். 2019 மார்ச்சில் அது மூடப்பட்டது, உத்தி மறையவில்லை. குறிப்பிட்ட ஒரு டேப்பை மூடியதும் ஃபேன் அடங்கினால், அல்லது டாஸ்க் மேனேஜரைத் திறந்த மாத்திரத்தில் 100 சதவீதம் சட்டென்று இறங்கினால், வைரஸ் ஸ்கேன் செய்ய இதுதான் நேரம்.

எல்லைக்குள் இருந்தும் மெதுவாக இருந்தால்

நினைவகம் போதுமான அளவு, சூடு இல்லை, வட்டு நலம், ஒட்டுண்ணியும் இல்லை. ஆனாலும் மந்தம். அப்போது நிதானமாக யோசித்தால் அது திடீரென்று வந்ததாக இருக்காது. 1995இல் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த், வன்பொருள் வேகமெடுப்பதைவிட விரைவாக மென்பொருள் கனத்துப்போகிறது என்று எச்சரித்து எழுதினார். பத்து ஆண்டுக்கு முந்தைய கணினியில் இன்றைய பிரவுசரைத் திறப்பவர் அனுபவிப்பது அதைத்தான். அந்தக் கணினியில் இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், ஒரே ஒரு செலவு செய்வதென்றால் அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே. 10 மில்லிநொடி 0.1 மில்லிநொடியாகும், வேறு எந்தப் பாகத்தை மாற்றினாலும் நூறு மடங்கு கிடைக்காது.

பழுது எதுவாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் அளந்து பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் குணமானால், அடுத்த முறைக்கு எதுவும் கற்றிருக்க மாட்டீர்கள். இயந்திரம் நன்றாக ஓடும் ஒரு நாளில் ஐந்து எண்களைக் குறித்து வையுங்கள்: திறக்க ஆகும் நேரம், திறந்ததும் நினைவகம் எத்தனை சதவீதம், வட்டின் பதில் நேரம், கடும் வேலையில் பிராசசரின் கிகாஹெர்ட்ஸ், ஸ்மார்ட் குறிப்பில் 5, 197, 199ஆம் வரிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதுங்கள். 60 சதவீதமாக இருந்த நினைவகம் 75 ஆகி, 85 ஆவது அந்தத் தாளில் தெரியும். எல்லை வருவதற்கு முன்பே, அவசரமில்லாமல், ஒரு ராமுக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம்.